லெபனானின் மூசார் ஒயின் குடும்பம்: பரம்பரை, மண் என்று சொல்வதில் எவ்வளவு உண்மை?

பாலைநிலத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். துபாயில் ஒரு லெபனான் உணவகத்தில் மூன்று ஆண்டுகளாக மேசைப் பணியில் இருக்கிறேன். அண்மையில் ஒயின் பட்டியலை விருந்தினருக்கு விளக்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஷாத்தோ மூசார் என்ற லெபனான் ஒயின் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு விருந்தினர், இதே விலைக்கு நல்ல பிரெஞ்சு ஒயின் கிடைக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டார். பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்ததை ஒப்பித்தேன்: மூன்று தலைமுறைக் குடும்பம், மண்ணின் மீது மரியாதை, இயற்கையில் தலையிடாத கொள்கை, போர்க்காலத்திலும் ஓராண்டுகூட நிற்காத உற்பத்தி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாக் குடும்பங்களும் இதையேதான் சொல்கின்றன என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் பட்டியலில் உள்ள எந்தப் பாட்டிலின் பின்புறச் சீட்டைப் படித்தாலும் பாட்டனாரும் மண்ணும் மரபும் வந்துவிடுகின்றன. எங்கள் குடும்பத்து நஞ்சை என் தந்தை காலத்திலேயே கைமாறிவிட்டது. ஆகவே மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரே தொழிலில் நின்றது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கே புரியாத ஒன்றை விருந்தினரிடம் மனமார எப்படிச் சொல்வது?

இந்தக் குடும்பம் மற்றவர்கள் செய்யாத எதைச் செய்தது? மண்ணைப் பேணுவது என்பது அங்கே நடைமுறையில் என்ன? அவர்கள் தத்துவம் என்று சொல்வது கோப்பையில் தெரியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிலவறை (மறுமொழி)

பெய்ரூத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியில் இருந்தவன் நான். மூசாரை நடத்தும் ஹோஷார் குடும்பத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. காசீரில் உள்ள அவர்களுடைய நிலவறையையும் பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள திராட்சைத் தோட்டங்களையும் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தாளில் உள்ள ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். போரில் ஓராண்டுகூட நிற்கவில்லை என்பது சரியன்று. 1975ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1976ல் மூசார் ஒயின் இல்லை. விவரம் தெரிந்த விருந்தினர் யாராவது இதைச் சுட்டிக்காட்டினால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளின் மதிப்பும் குறைந்துவிடும். 1990ல் முடிந்த அந்தப் போர்க்காலம் முழுவதிலும் ஓராண்டை இழந்ததோடு தப்பினார்கள் என்பதே உண்மை, அதுவே போதுமான அளவு பெரிய செய்தியும்கூட.

பரம்பரை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். லெபனானில் மூசார் மிகப் பழைய நிறுவனம் அன்று. இயேசு சபைத் துறவிகள் பெக்காவில் தொடங்கிய க்சாரா 1857ஐச் சேர்ந்தது. மூசாரை காஸ்தோன் ஹோஷார் 1930ல், தம்முடைய 20ஆவது வயதில், காசீரில் இருந்த பழைய மாளிகையொன்றின் நிலவறையில் தொடங்கினார். நாடு அப்போது பிரெஞ்சு ஆளுகையில் இருந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்று குடும்பத்தில் ஒரு மரபுச் செய்தி உண்டு. உங்கள் விருந்தினருக்கு அது தேவையில்லை. மாளிகையும் முன்னோர் பெயரும் பல பேரிடம் இருக்கின்றன. நான் அறிந்தவரை, இந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து ஒரு சாலைதான்.

விளக்கிச் சொல்கிறேன். திராட்சை விளைவது பெக்காவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், ஆனா, கெஃப்ராயா ஆகிய ஊர்களை ஒட்டி. ஒயின் ஆவதோ மலைக்கு இந்தப் பக்கம், ஜூனியே விரிகுடாவுக்கு மேலே உள்ள காசீரில். இரண்டுக்கும் நடுவில் லெபனான் மலைத்தொடர் நிற்கிறது. பெய்ரூத்திலிருந்து சிரியாவின் டமாஸ்கஸ் நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 1,500 மீட்டருக்கு மேல் ஏறி, தஹ்ர் அல் பைதர் கணவாயைக் கடந்து, ஷ்தோராவில் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அறுவடைக் காலத்தில் பறித்த பழம் இந்த மலையைத் தாண்டி வந்தாக வேண்டும். தொடங்கிய காலத்தில் பெக்கா எந்த நாட்டோடு நிலைக்கும் என்பது உறுதியாகத் தெரியாததால் காஸ்தோன் கடற்கரைப் பக்கத்தைத் தேர்ந்தார் என்று சொல்வதுண்டு. அமைதிக் காலத்தில் இது சில மணி நேரப் பயணம். போரில் அதே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படைகளின் சோதனைச் சாவடிகள் முளைத்தன. பறித்த பழம் காத்திருக்காது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1984ல் சண்டையால் வழிகள் அடைபட்டு, லாரிகள் சுற்றுவழியில் அலைந்து பல நாள் கழித்துக் காசீரை அடைந்தபோது, பழம் லாரியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தது. அதையும் கொட்டிவிடாமல் ஒயினாக்கினார்கள்.

அந்த ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் காஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ் ஹோஷார். பிரான்சின் பொர்தோ நகரில் ஒயின் தொழில்நுட்பம் படித்தவர். 1959ல் ஒயின் தயாரிப்பு அவர் கைக்கு வந்தது. வணிகப் பக்கத்தைத் தம்பி ரொனால்டு கவனித்தார். உள்நாட்டில் வாங்குவோர் போரால் சிதறிப் போனபோது செர்ஜ் தம் பாட்டில்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1979ல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒயின் கண்காட்சியில் மைக்கேல் பிராட்பென்ட் என்ற புகழ்பெற்ற வல்லுநர் மூசாரைச் சுவைத்து வியந்து எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. டிகாண்டர் என்ற ஒயின் இதழ் தன்னுடைய ஆண்டின் சிறந்த மனிதர் விருதை 1984ல் முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர் செர்ஜ்தான். லாரியில் பழம் நொதித்த அதே 1984.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூசார் சிவப்பு ஒயின் அறுவடையாகி ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வருகிறது. சான்சோ, காரினியான், கபர்னே சொவினியோன் ஆகிய மூன்று திராட்சைகளையும் தனித்தனியாகச் சிமென்ட் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். பிறகு பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டு, பிறகு கலப்பு, மூன்றாம் ஆண்டின் முடிவில் பாட்டிலில் அடைப்பு, அதற்கு மேலும் பல ஆண்டுகள் நிலவறையில் இருப்பு. இந்தக் கலவையைத் தம் மனத்துக்குப் பிடித்தபடி அமைத்துக்கொள்ள செர்ஜுக்கு 18 ஆண்டுகள் ஆயின. காசீர் நிலவறையில் பாட்டில்களின் மீது பூஞ்சை சாம்பல் நிறக் கம்பளிபோல் படர்ந்திருப்பதைப் பார்த்தேன். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டுகிறது. ஏழாண்டு விளைச்சலை முடக்கிவைப்பது வணிகக் கணக்கில் பெரும் சுமை. ஆனால் 1976ல் பழம் வராதபோது விற்க முந்தைய ஆண்டுகளின் பாட்டில்கள் இருந்தன. அந்தப் பொறுமைதான் போரில் அவர்களைத் தாங்கியது என்பது என் கணிப்பு.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது காலமானார். இப்போது அடுத்த தலைமுறையினர் நடத்துகிறார்கள். மூன்று தலைமுறை என்று நீங்கள் தயக்கமின்றிச் சொல்லலாம்.

கம்பம் பந்தல் (மறுமொழி)

தம்பி, எனக்கு ஒயின் அருந்தும் பழக்கம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுகிறவன். மண்ணைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். லெபனான் தோட்டங்களைப் படங்களில் பார்த்து வியந்து, கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேலே பந்தலில் படர விடுகிறோம். கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கிறோம். 2023ல் எங்கள் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்கு ஓய்வு குறைவு, தண்ணீரும் மருந்தும் கூடுதல். மழைக் காலத்தில் அடிச்சாம்பல் நோய் வந்துவிட்டால் இரண்டே நாளில் இலை காய்ந்துவிடும்.

பெக்காவில் மழையும் பனியும் குளிர்காலத்தில். கோடை முழுவதும் பெரும்பாலும் மழை கிடையாது. குளிரில் கொடி இலை உதிர்த்து உறங்குகிறது. அங்கே பழைய முறைப்படி பந்தலோ கம்பியோ இல்லாமல், முழங்கால் அளவில் குத்துச்செடியாக வளர்க்கிறார்கள். இலைகள் குடைபோல் கவிந்து குலைகளுக்கு நிழல் தருகின்றன. பாய்ச்சல் இல்லாததால் வேர், சரளையைத் துளைத்துக் கீழே சுண்ணாம்புப் பாறையின் ஈரத்தைத் தேடிப் போகிறது. இப்படிப்பட்ட செடி நிறையக் காய்க்காது. குறைவாகக் காய்ப்பதை ஏற்றுக்கொள்ள மனம் வேண்டும்; மண்ணைப் பேணுவதில் பாதி அதுதான் என்று நான் சொல்வேன். பெக்காவில் ஆழ்துளைக் கிணறுகளும் நிறைய உண்டு; கிணறு வெட்டிப் பாய்ச்சினால் பழம் கூடும், ஆனால் வேர் மேலேயே நின்றுவிடும். அப்புறம் ஒரு வறட்சியைத் தாங்காது. எங்கள் ஊரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூசார் தோட்டங்களுக்கு 2006ல் இயற்கை வேளாண்மைச் சான்று கிடைத்தது. லெபனானில் அப்படிச் சான்று பெற்ற முதல் ஒயின் நிறுவனம் அவர்களுடையதே. பாராட்ட வேண்டிய செயல். ஆனாலும் ஒரு விவசாயி என்ற முறையில் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வறண்ட கோடை இருக்கும் இடத்தில் அது எங்களுக்கு இருப்பதைப்போல் அத்தனை கடினமன்று. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சை நோய்க்குப் பாதி வேலை போய்விடும். இயற்கை வேளாண்மை என்றால் எதுவுமே தெளிப்பதில்லை என்று விருந்தினரிடம் சொல்லிவிடாதீர்கள். கந்தகத் தூளும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் ஐரோப்பிய இயற்கை வேளாண்மையிலும் அளவோடு அனுமதிக்கப்பட்டவை. துத்தத்தில் உள்ள செம்பு ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே தங்கும் என்பதால்தான் அந்த அளவுக் கட்டுப்பாடு. எங்கள் தோட்டத்துக் கல்தூண்களில் அப்பா காலத்து நீலக் கறை இன்னும் போகவில்லை.

நிலவறை ஐயாவிடம் ஒரு கேள்வி. அங்கே பழம் பறிப்பவர்கள் யார்? போர்க்காலத்திலும் கூலிக்கு ஆள் கிடைத்தார்களா?

நிலவறை (மறுமொழி)

ஐயா, பாய்ச்சலைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. பறிப்பு முழுவதும் கையால்தான். பெக்காவில் கூடாரமடித்து வாழும் பதூயின் குடும்பங்களே தலைமுறையாக அந்த வேலையைச் செய்து வருகிறார்கள். நான் போன செப்டம்பரில் விடியற்காலையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, வளைந்த சிறு கத்தியால் குலைகளை அறுத்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயரச் செடியில் நாள் முழுவதும் குனிந்தே பறிக்க வேண்டும் என்பதை, பந்தலில் நிமிர்ந்து பறிக்கும் உங்களால் எளிதில் உணர முடியும். குடும்பத்தின் பெயர் மட்டும் பாட்டிலில் இருக்கிறது; இந்தக் குடும்பங்களும் சேர்ந்துதான் அந்தப் பரம்பரை என்று நான் நினைக்கிறேன்.

பாலைநிலத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. தாளில் இருந்த அந்தப் பிழையை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். கூடவே ஓர் ஐயம். மூசாரைத் திறந்தவுடன் சில நேரம் லேசான காடி நெடியும், தோல் பொருள்போன்ற ஒரு மணமும் வருகின்றன. இரண்டு பாட்டில்கள் ஒரே ஆண்டாக இருந்தும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒரு விருந்தினர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார். இது குறையா, தலையிடாத கொள்கையின் விளைவா?

கொடிமுந்திரி (மறுமொழி)

இலண்டனில் வைன் விற்பனையில் இருக்கும் யாழ்ப்பாணத்தவள் நான். இக்கேள்வியை எங்கள் கடையிலும் அடிக்கடி கேட்கிறார்கள்.

இரண்டும் உண்மை என்பதே என் விடை. மூசாரில் திராட்சைத் தோலோடு வரும் காட்டு ஈஸ்டைக் கொண்டே நொதிக்க விடுகிறார்கள். கந்தகத்தை மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள். வடிகட்டித் தெளிய வைப்பதில்லை. இதனால் அசெற்றிக் அமிலத்தின் காடி நெடி சற்றே எழும்பி நிற்கும். பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் வகையால் தோல், தொழுவம் போன்ற மணமும் வரும். பாடப்புத்தகத்தின்படி இவை குறைகள்தான். மூசாரை விரும்பாத வல்லுநர்கள் இதைச் சொல்லியே விரும்பாமல் இருக்கிறார்கள், அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் செர்ஜ் ஹோஷாருக்குப் பொர்தோவில் கற்பித்தவர்களில் ஒருவர் எமில் பெய்னோ. வைன் தொழிலில் துப்புரவையும் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்த ஆசான் என்று அவரையே உலகம் கொண்டாடுகிறது. அவரிடம் படித்த ஒருவருக்கு இந்த மணங்களை எப்படித் தவிர்ப்பது என்று தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டே, வைன் உயிருள்ள ஒன்று, அது தன் போக்கில் மாறட்டும் என்று விட்டார். நான் அந்தத் தத்துவத்தை மதிப்பது இதனாலேயே. அறியாமையால் கைவிடுவதும் அறிந்து கைவிடுவதும் கோப்பையில் வேறு வேறாகத் தெரியும்: மூசாரில் அந்த நெடிக்குப் பின்னால் கனிச்சுவை 20, 30 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருக்கிறது. வெறும் கவனக்குறைவால் பிறந்த வைன் அத்தனை காலம் நிற்காது.

உங்கள் பணிக்கு உதவக்கூடியது ஒன்றுண்டு. ஈரமான அட்டைப்பெட்டி அல்லது நனைந்த பழைய செய்தித்தாள் மணம் வந்து, கனி மணமே இல்லாமல் போனால் அது தக்கையால் வந்த கேடு. அதற்கும் குடும்பத்தின் தத்துவத்துக்கும் தொடர்பில்லை; மறுபேச்சின்றிப் போத்தலை மாற்றிக் கொடுங்கள். லேசான காடியும் தோலும் என்றால், சில மணி நேரம் காற்றுப்பட வைத்துவிட்டு மறுபடி சுவைக்கச் சொல்லுங்கள். மண்டி நிறைய இருக்கும் என்பதால் முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து, மெதுவாகக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிட வேண்டும்.

வெள்ளையும் உங்கள் பட்டியலில் இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். மூசாரின் உண்மையான பரம்பரையை நான் அதில்தான் காண்கிறேன். அதில் ஒபெய்தே, மெர்வா என்று லெபனானின் சொந்த வகைகள் இரண்டு மட்டுமே உள்ளன. ஒபெய்தே கிழக்கே அந்தி லெபனான் மலையடிவாரத்திலும், மெர்வா லெபனான் மலையின் கடல் பார்த்த சரிவிலும், 1,400 மீட்டர் உயரம் வரை விளைகின்றன. பெரும்பாலும் இவற்றை நாட்டு மக்கள் சோம்பு சேர்த்து வடிக்கும் அராக்குக்கே பயன்படுத்தினார்கள். வியர்வை என்ற பொருளுடைய அறபுச் சொல் அது. வடிகலத்தில் துளி துளியாய் அரும்புவதால் வந்த பெயர் என்பார்கள். இலங்கையில் தென்னஞ்சாராயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதே சொல்லின் வழிவந்ததே. ஒபெய்தேதான் புகழ்பெற்ற பிரெஞ்சு வெள்ளைத் திராட்சையான ஷார்டனேயின் மூதாதை என்று ஒரு கதையும் நெடுங்காலம் உலவியது. மரபணு ஆய்வு அதை ஆதரிக்கவில்லை, அதனால் அக்கதையைச் சொல்ல வேண்டாம். உலகம் முழுவதும் ஷார்டனே நட்டால் விற்கும் என்றிருந்த காலத்தில், பெயர் தெரியாத இரண்டு உள்ளூர் வகைகளை வைத்து முதியதாகிச் சுவைகூடும் வெள்ளை வைன் செய்ய ஒரு குடும்பம் துணிந்தது. அதற்கு ஒரு போலி வம்சாவளி தேவையில்லை.

பரிமாறும்போது வெள்ளையைப் பனிக்கட்டியில் புதைத்து வைக்காதீர்கள். சுமார் 15 பாகை குளிர்ச்சியில் இருக்கட்டும். செர்ஜ் தம் விருந்தினருக்குச் சிவப்பு முடிந்த பிறகே வெள்ளையை ஊற்றுவார். நீங்களும் அந்த வரிசையில் கொடுத்துப் பாருங்கள்.

கம்பம் பந்தல்

அம்மா, சொந்த வகையைக் கைவிடாதது பற்றி எழுதியது மனத்தைத் தொட்டது. அந்த வெள்ளைத் திராட்சைகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்பவை என்று படித்திருக்கிறேன். வேரைத் தாக்கும் வேர்ப்பேன் என்ற பூச்சி பரவி ஐரோப்பாத் தோட்டங்கள் அழிந்த பிறகு உலகின் பெரும்பகுதியில் அமெரிக்க வேரில்தான் ஒட்டுகிறார்கள். எங்கள் பக்கம் பதியன் குச்சி ஊன்றிச் சொந்த வேரில் வளர்த்த பழைய கொடிகள் பல, பன்னீரை விட்டு விதையில்லாத வகைக்கு மாறியபோது வெட்டுப்பட்டன. எங்கள் தோட்டத்தில் நான்கு மட்டும் கிணற்றடியில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்வதாக நேற்று என் மகனிடம் சொன்னேன்.

பாலைநிலத்தான்

அனைவருக்கும் நன்றி. வெள்ளை எங்கள் பட்டியலில் இருக்கிறது. இதுவரை ஒருவருக்கும் அதைப் பரிந்துரைத்ததில்லை. அதே விருந்தினர் வியாழக்கிழமை இரவுக்கு மேசை பதிவு செய்திருக்கிறார். புதன்கிழமையே சிவப்புப் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுகிறேன். இந்த முறை மூன்று தலைமுறையிலிருந்து தொடங்காமல், வழி அடைபட்டுச் சுற்றுவழியில் அலைந்த லாரியிலிருந்து தொடங்குவேன். காடி நெடியைப் பற்றி அவர் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுவேன். அவர் என்ன சொன்னார் என்று வெள்ளிக்கிழமை இங்கே எழுதுகிறேன்.